தகட்டில் தெரியும் வயது

ஜார்ஜ் பாப்பனிகொலாவ் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவர் அல்ல. 1883இல் கிரேக்கத்தின் கீமி என்ற ஊரில் பிறந்து 1913இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அந்த மருத்துவர், நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் கினிப்பன்றிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பெண் விலங்கின் சினைமுட்டை எப்போது வெளிப்படும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்; அதற்காக விலங்கைக் கொல்லவும் கூடாது. யோனியிலிருந்து சிறிது கசிவைத் துடைத்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் செல்களின் தோற்றம் மாறியது. சார்லஸ் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து 1917இல் அதை வெளியிட்டார்.

அடுத்து மனிதப் பெண்கள். அவருடைய மனைவி ஆந்த்ரோமாகியே முதலில் முன்வந்து, ஆண்டுக்கணக்கில் தன் செல்களைச் சோதனைக்குக் கொடுத்தார். 1930களில் எஃப்ரைம் ஷோர் என்ற மருத்துவருடன் சேர்ந்து, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, அவர்களுடைய செல்கள் எப்படி மாறுகின்றன என்று பாப்பனிகொலாவ் பதிவு செய்தார். புற்றுநோய்ச் செல்களைக் கண்டதாக அவர் 1928லேயே ஒரு மாநாட்டில் பேசியிருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்பர்ட் டிராட்டுடன் எழுதிய 1941 கட்டுரையும் 1943 நூலும் வந்த பிறகுதான் ‘பாப் ஸ்மியர்’ புற்றுநோய்ப் பரிசோதனையாக உலகம் சுற்றத் தொடங்கியது.

ஆக, இந்தப் பரிசோதனை முதலில் ஹார்மோனை அளக்கப் பிறந்தது. புற்றுநோய் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த வேலை. இந்த வரிசை மறந்துபோனால் அறுபத்திரண்டு வயதுப் பெண்ணின் பாப் ஸ்மியர் ரிப்போர்ட் பிடிபடாது. அந்த வயதில் வரும் விசித்திரமான முடிவுகளில் பல ஹார்மோன் சொல்லும் கதை. மீதியில்தான் நோய் ஒளிந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, தகட்டைப் பார்ப்பவருக்கு முதலில் தெரியவேண்டியது அந்தப் பெண்ணின் வயது.

கருப்பை வாயின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் சவ்வு பல அடுக்குச் செல்களால் ஆனது. அடியில் பிறக்கும் செல் சிறியது, உருண்டையானது. அதன் பெரும்பகுதியை உட்கரு அடைத்துக்கொண்டிருக்கும். மேலே நகர நகரச் செல் அகலமாகிறது, தட்டையாகிறது, உள்ளே கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது, உட்கரு சுருங்கிப் புள்ளியாகிறது. இந்தப் பயணம் முழுவதையும் நடத்துவது ஈஸ்ட்ரோஜன். முப்பது வயதுப் பெண்ணின் தகட்டில், பாப்பனிகொலாவ் உருவாக்கிய சாயமேற்றும் முறையில், அகன்ற இளஞ்சிவப்பு, நீலப்பச்சைச் செல்கள் பரவிக் கிடக்கும். உதிரும் செல்களின் கிளைக்கோஜனை உண்டு வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் பி.எச். அளவை 4.5க்குக் கீழே வைத்திருக்கும்.

மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது. செல்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. சவ்வு மெலிகிறது, கிளைக்கோஜன் குறைகிறது, லாக்டோபேசில்லஸ் பின்வாங்குகிறது, அமிலத்தன்மை போகிறது. துடைத்தெடுக்கும் பிரஷ்ஷில் ஒட்டிவருபவை பெரும்பாலும் அடியடுக்கின் இளம் செல்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புற்றுநோய்க்கு முந்தைய நிலையைச் சைட்டாலஜி (செல்லியல்) நிபுணர் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்? செல்லின் அளவோடு ஒப்பிட்டால் உட்கரு மிகப் பெரிதாக இருக்கிறதா, கருமையாகச் சாயம் ஏறியிருக்கிறதா, செல்கள் முதிராமல் நிற்கின்றனவா என்றுதான் பார்க்கிறார். வயதான பெண்ணின் முற்றிலும் ஆரோக்கியமான செல்லிலும் இந்த மூன்றும் இருக்கலாம். நடு அடுக்குச் செல்லின் உட்கருப் பரப்பு ஏறக்குறைய 35 சதுர மைக்ரான். அடியடுக்குச் செல்லின் உட்கரு ஏறக்குறைய 50; அதைச் சுற்றியுள்ள செல்லோ மிகச் சிறியது. உலகெங்கும் பயன்படும் பெதஸ்டா அறிக்கை முறை, ‘பொருள் உறுதியில்லாத மாற்றம்’ என்ற வகைக்கு நடு அடுக்கு உட்கருவைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு என்று அளவுகோல் வைத்திருக்கிறது. முதுமையில் இயல்பாகவே பெரிதாகத் தெரியும் உட்கரு, தகடு சற்றே காய்ந்துவிட்டால் இன்னும் உப்பி அந்த எல்லையைத் தொட்டுவிடும். தகட்டைத் தடவிவிட்டு ஆல்கஹாலில் முக்க ஒரு நிமிடம் பிந்தினாலும் போதும். திரவத்தில் செல்களைச் சேகரிக்கும் புதிய முறை வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

குழப்பம் உட்கருவோடு நிற்பதில்லை. மெலிந்த சவ்வு எளிதில் அழற்சியடையும். சிதைந்த செல்களும் வெள்ளணுக்களும் ரத்தத் துணுக்குகளும் சேர்ந்து தகட்டின் பின்புலத்தை அழுக்கு நிறத் துகள்களால் நிரப்பும். ஊடுருவிப் பரவிய புற்றுநோயைச் சுற்றித் தெரியும் சிதைவுப் பின்புலமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். ‘நீலக் குமிழ்கள்’ என்று ஆய்வகத்தில் சொல்லப்படும் உருண்டைகள் வேறு: மடிந்த அடியடுக்குச் செல்களோ கெட்டிப்பட்ட சளியோ அடர்நீலமாகத் திரண்டவை. பயிற்சி போதாத கண்ணுக்கு அவை ராட்சத உட்கருவாகத் தெரியும். செல்லுடல் கரைந்து உட்கரு மட்டும் தனியே மிதப்பதும் உண்டு. சில செல்கள் ஆரஞ்சு நிறத்தில் சுருங்கி, கெரட்டின் உருவாக்கும் புற்றுநோய்ச் செல்போல வேடம் கட்டும்.

இவற்றையெல்லாம் பார்த்துப் பழகியவர் தப்பித்துவிடலாம். பழகியவரையும் ஏமாற்றும் இரண்டு உண்டு. ஒன்று, உட்கருவைச் சுற்றித் தோன்றும் வெளிறிய வளையம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தாக்கிய செல்லின் முத்திரையும் இதுவே. முதுமையில் வைரஸ் இல்லாமலே இப்படி வளையம் வருவதுண்டு; அது மங்கலாக இருக்கும், விளிம்பு கூர்மையாக இராது, உட்கருவும் சுருங்கிக் கசங்கியிருக்காது. மற்றொன்று, கருப்பை வாயின் சவ்வு சிறுநீர்ப்பைச் சவ்வை ஒத்த தோற்றத்துக்கு மாறுவது. நீள்வட்ட உட்கருக்கள் நெருக்கியடித்து நிற்கும் கொத்தைக் கண்டவுடன் தீவிர மாற்றம் என்று எழுதக் கை பரபரக்கும். உட்கருவின் நீளவாக்கில், காப்பிக்கொட்டையின் நடுவே ஓடுவதுபோல், ஒரு கோடு தெரிகிறதா என்று உற்றுப் பார்க்கவேண்டும். அந்தக் கோடும் ஒரே சீரான உட்கருக்களும் செல் பிரிவின் அறிகுறியே இல்லாத அமைதியும் இருந்தால் பெரும்பாலும் தீங்கற்றது.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது அல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வந்தவை.

பழையது, பாப்பனிகொலாவ் காலத்து அறிவிலிருந்தே பிறந்தது: ஈஸ்ட்ரோஜன் கிரீமைச் சில வாரங்கள் யோனிக்குள் தடவச் சொல்லி, நிறுத்திய சில நாட்களில் மறுபடி ஸ்மியர் எடுப்பது. ஹார்மோன் கிடைத்ததும் ஆரோக்கியமான செல்கள் விட்ட இடத்திலிருந்து பயணத்தைத் தொடர்ந்து முதிர்ந்துவிடும். புற்றுநோய்க்கு முந்தைய செல்கள் ஹார்மோனின் சொல்லைக் கேட்பதில்லை. சுற்றிலும் முதிர்ந்த செல்களுக்கு நடுவே அவை பளிச்சென்று தனித்துத் தெரியும். விலை குறைந்த, எளிய, அழகான சோதனை இது. இன்று இதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை என்பது ஒரு குறைதான். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மட்டும் அந்தச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

இரண்டாவது, எச்.பி.வி. சோதனை. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன் குழு 1983இல் எச்.பி.வி. 16ஐயும் 1984இல் 18ஐயும் கருப்பை வாய்ப் புற்றுக் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகில் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். முதியவரின் ‘பொருள் உறுதியில்லாத மாற்றம்’ இளையவருடையதைவிடக் குறைவாகவே வைரஸோடு தொடர்புடையது. அதனால் வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் அந்த மாற்றம் ஹார்மோன் கணக்கில் சேரும்.

மூன்றாவது, திசுவிலும் செல்லிலும் செய்யப்படும் கி-67, பி-16 என்ற புரதச் சாயங்கள். கி-67 பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும் தென்படும். முதுமையில் மெலிந்த சவ்வின் செல்கள் பார்வைக்கு எவ்வளவு முரடாக இருந்தாலும் பெரும்பாலும் பிரிவதில்லை, சாயம் ஏறாது. பி-16, எச்.பி.வி. வைரஸ் செல்லின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒரே செல்லில் ஏறினால் அது முதுமையின் குறும்பு அல்ல.

இதுவரை சொன்னது, நோய்போல் தெரியும் ஆரோக்கியம். இதன் தலைகீழ் நிலைமைதான் இன்னும் சுவாரசியம். எழுபது வயதுப் பெண்ணின் தகட்டில் அகன்ற, முதிர்ந்த, இளஞ்சிவப்பு மேலடுக்குச் செல்கள் நிறைந்திருக்கின்றன, ஒன்றிலும் குறையில்லை. முப்பது வயதில் ‘இயல்பு’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடக்கூடிய தகடு. எழுபதில் ஒரு கேள்வி எழவேண்டும்: இவ்வளவு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது? ஹார்மோன் மாத்திரை எடுப்பவராக இருக்கலாம். உடல்பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்யும். மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டாமாக்ஸிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனை எதிர்த்துக்கொண்டே யோனிச் சவ்வில் ஈஸ்ட்ரோஜன்போல நடந்துகொள்ளும். இதய நோய்க்கான டிஜிட்டாலிஸ் மருந்துக்கும் இந்த விளைவு உண்டு என்பதைப் பழைய சைட்டாலஜி நூல்கள் குறித்துவைத்திருக்கின்றன. இவை எதுவும் இல்லையென்றால், அபூர்வமாக, சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டி.

இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் செல்லும் இதே ரகம். மாதவிலக்கு வரும் பெண்ணின் ஸ்மியரில், சுழற்சியின் முதல் பன்னிரண்டு நாட்களில் கருப்பையின் உட்சவ்வுச் செல்கள் உருண்டை உருண்டையாகக் கிடப்பது சாதாரணம். மாதவிலக்கு நின்றவரிடம் உட்சவ்வு உதிர்வதற்கே காரணம் இல்லை. அப்படியும் அந்தச் செல்கள் வந்தால், தோற்றத்தில் துளிக் குறை இல்லாவிட்டாலும், பெதஸ்டா முறைப்படி அதை அறிக்கையில் எழுதியாகவேண்டும். 2001 திருத்தத்தில் இதற்கு வயது வரம்பு 40 என்று இருந்தது. நாற்பதுகளின் தொடக்கத்தில் இன்னும் மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் பெண்களுக்கெல்லாம் தேவையில்லாமல் பயாப்ஸி நடப்பதைக் கண்டு, 2014 பதிப்பில் 45க்கு உயர்த்தினார்கள். தீங்கற்ற பாலிப்போ ஹார்மோன் மாத்திரையோ பல சமயம் காரணமாக இருக்கும். கருப்பை உட்சவ்வுப் புற்றும் சில சமயம் இப்படித்தான் முதல் தடயம் விட்டுச் செல்கிறது. சுரப்பிச் செல்களில் மாற்றம் என்று அறிக்கை வந்துவிட்டால் விவகாரம் இன்னும் கனம்: 35 வயதை எட்டியவருக்குக் கருப்பை வாயோடு உட்சவ்வையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள். மிக அரிதாக, வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்த சிறு மணிகள் தகட்டில் தென்படும். காப்பர்-டி வைத்தவரிடம் அது தீங்கில்லாமலும் வரலாம். சினைப்பைப் புற்றிலிருந்து குழாய் வழியாக, கருப்பை வழியாக இறங்கி வந்ததாகவும் இருக்கலாம்.

இதில் ஒரு தவறான நம்பிக்கையை வெட்டிவிட வேண்டும். பாப் ஸ்மியர் கருப்பை உட்சவ்வுப் புற்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. எப்போதாவது அதில் சிக்குவது தற்செயல். ஸ்மியர் இயல்பு என்று வந்ததால் கருப்பை முழுவதும் நலம் என்று பொருளில்லை.

ஒரு பெண்ணின் உடல் கடந்துவந்த பாதையும் தகட்டில் பதிந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரின் செல்கள் இன்றும் பூதாகரமாக, கோணல்மாணலாக, உள்ளே குமிழிகளும் இரண்டு மூன்று உட்கருக்களுமாக இருக்கலாம். செல் பெருத்த அளவுக்கு உட்கருவும் பெருத்திருப்பதால் விகிதம் மாறாது என்பதே துப்பு. அடி இறங்கிவிட்டது என்று பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் கருப்பை இறக்கத்தில், வெளியே வந்து உரசும் கருப்பை வாய் தோல்போலக் காய்ந்து, உட்கரு இல்லாத செதில்களை உதிர்க்கும். அதற்காக வைக்கும் வளையம் அழற்சியை உண்டாக்கும். எப்போதோ வைத்து மறந்துபோன காப்பர்-டியைச் சுற்றி ஆக்டினோமைசிஸ் பாக்டீரியாக்கள் பஞ்சுப்பொதியாகக் கூடியிருக்கும். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்று சொல்லும் பெண்ணுக்குக் கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, மேற்பகுதியை மட்டும் எடுத்தார்களா என்பது பெரும்பாலும் தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பார்க்கவேண்டும். கருப்பை வாய் மிச்சமிருந்தால் பரிசோதனையும் மிச்சமிருக்கிறது.

ஸ்மியரோடு அனுப்பும் படிவத்தில் வயது, கடைசி மாதவிலக்கு, எடுக்கும் மருந்துகள், பழைய அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு என்று கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். அவசரத்தில் அவை காலியாகவே ஆய்வகம் போய்ச் சேர்கின்றன. சரியாக வாசிக்கக்கூடிய தகடு பாதி வாசிப்போடு திரும்புகிறது. குற்றம் மைக்ராஸ்கோப்பின் மேல் இல்லை.

அறுபது வயதில் எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் எழும் பிரச்சினை வேறு விதம். நாற்பது ஆண்டுக்கால மணவாழ்க்கை. யார் யாரைச் சந்தேகிப்பது? அறிவியல் இங்கே யாருக்கும் சாட்சி சொல்லாது. பெரும்பாலான எச்.பி.வி. தொற்றுகளை உடல் ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடும். சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிப் பதுங்கியிருந்த வைரஸ், வயதோடு நோய் எதிர்ப்பு தளரும்போது மறுபடி தலைகாட்டக்கூடும். சோதனை சொல்வது இன்று வைரஸ் இருக்கிறது என்பதை மட்டும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்வதில்லை. இதை விளக்க மருத்துவர் செலவழிக்கும் ஐந்து நிமிடம், எழுதித் தரும் மாத்திரையைவிட முக்கியம்.

பாசிட்டிவ் என்று வந்த பின் அடுத்த படி கோல்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயை லென்ஸ் வழியே பெரிதாக்கிப் பார்ப்பது. அங்கேயும் வயது குறுக்கே நிற்கிறது. கருப்பை வாயின் வெளிச்சவ்வும் உட்குழாயின் சுரப்பிச் சவ்வும் சந்திக்கும் இடத்தில்தான் புற்று பெரும்பாலும் முளைக்கிறது. இளம் வயதில் அந்த எல்லை வெளியே கண்ணுக்குத் தெரியும். மாதவிலக்கு நின்றபின் அது மெல்ல உள்வாங்கி, குழாய்க்குள் மறைந்துவிடும். வெளியே பார்க்கும் லென்ஸுக்குச் சுத்தமான கருப்பை வாய் தெரியும். நோய் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். உட்குழாயைச் சுரண்டித் திசு எடுக்கவேண்டி வரும். அதற்குமுன் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தந்து சவ்வைத் தேற்றுகிறவர்களும் உண்டு.

அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. சோதனைக்கும் இதுவே எல்லை. அந்தச் சோதனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு உலகம் காட்டும் முக்கியச் சான்றுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. அம்பிலிக்கை கிறித்தவ ஐக்கிய சமூக மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து, 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களிடம் நடத்திய ஆய்வு அது. சோதனைக்கு ஒதுக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது: நோய் 25 சதவீதம் குறைந்தது, மரணம் 35 சதவீதம் குறைந்தது. வயதுவாரியாகப் பிரித்தபோது மிகுந்த பலன் 30 முதல் 39 வரை உள்ளவர்களுக்குத்தான். காரணங்களில் ஒன்று, அந்த வயதில்தான் எல்லைக்கோடு கண்ணெதிரே இருக்கிறது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வி.ஐ.ஏ. ஏற்றதல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்திய அரசின் 2016 வழிகாட்டுதலோ 30 முதல் 65 வயதுவரை வி.ஐ.ஏ. என்றே சொல்கிறது. அறுபது வயதுப் பெண்ணுக்கு அமிலம் தடவி ‘நெகட்டிவ்’ என்று எழுதும்போது, அந்தச் சொல்லின் எடை முப்பது வயதில் எழுதியதற்குச் சமமில்லை.

அந்த வயதுக்குப் பொருத்தமானது எச்.பி.வி. சோதனை. எல்லைக்கோடு உள்வாங்கினாலும் வைரஸ் யோனிக் கசிவில் அகப்படும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனை இந்தப் புற்றால் வரும் மரணத்தை ஏறக்குறைய பாதியாக்கியது. யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியைக் கண்டாலே உடல் சுருங்குகிற, வறண்ட யோனியில் அது உண்டாக்கும் வலிக்கு அஞ்சி மருத்துவமனை வாசலை மிதிக்காத பெண்கள் மாதிரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா 2022 முதல் பரிசோதனைக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் அந்த வாய்ப்பைத் தந்திருக்கிறது. ஒரு சிறு எச்சரிக்கை: கருப்பை வாயின் உட்குழாயில் உருவாகும் இரைப்பை வகைச் சுரப்பிப் புற்று போன்ற சில, எச்.பி.வி. இல்லாமலே வரும். அவற்றை இந்தச் சோதனை பிடிக்காது.

எந்த வயதில் நிறுத்தலாம்? அமெரிக்காவில் 65, இங்கிலாந்தில் 64, ஆஸ்திரேலியாவில் 74. இந்த எண்களைத் தனியே எடுத்துப் படித்தால் அபாயம். 65இல் நிறுத்தலாம் என்பது அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் முறையாகச் சோதித்து, தொடர்ந்து இயல்பு என்று முடிவு வந்தவருக்குத்தான். இங்கிலாந்தில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, 50 முதல் 64 வயதில் முறையாகச் சோதித்து இயல்பு என்று வந்த பெண்களில் அடுத்த இருபது ஆண்டுகளில் 10,000க்கு 8 பேருக்குப் புற்று வந்ததையும், அந்த வயதில் சோதிக்காதவர்களில் 49 பேருக்கு வந்ததையும் காட்டியது. தமிழ்நாட்டில் இன்று அறுபதைத் தொடும் பெண்களில் பெரும்பாலோர் இரண்டாவது வரிசைக்காரர்கள்.

ரத்தப்போக்கு இந்தக் கணக்கு எதிலும் அடங்காது. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், போன மாத ஸ்மியர் இயல்பு என்று இருந்தாலும், எச்.பி.வி. நெகட்டிவாக இருந்தாலும், வயது எண்பதாக இருந்தாலும், கருப்பை வாயை நேரில் பார்த்து, ஸ்கேனில் உட்சவ்வின் தடிமனை அளந்தாகவேண்டும். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போனால் உட்சவ்விலிருந்து திசு எடுக்கவேண்டும். அதற்குள் இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், அப்போதும் எடுக்கவேண்டும்.